புற்றுக்கு வார்த்த பால்

அத்தியாயம் 14

ஒன்பது நாள் பேரம் பேசினாள் ஜன்னத்துல் ஃபிர்தௌஸ். பத்தாம் நாள்தான் கையெழுத்துப் போட்டாள்.

வீட்டு விலையில் தொடங்கி, ஏசி சர்வீஸுக்கு வந்து, தோட்டத்துக் குழாய்க்கு இறங்கி, கடைசியில் வாசலில் கிடந்த கால்மிதியில் வந்து நின்றாள். "இதுவும் வீட்டோட சேர்த்திதானே தங்கச்சி?" தாமரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் கணவர் ரவிசங்கருக்குக் கோபம் வந்தது.

"முசஃபாவுல மூணு மளிகைக் கடை வச்சிருக்கிற அம்மா. எட்டு திர்ஹம் கால்மிதிக்கு இந்தப் பேச்சா?" என்று அவள் கார் கிளம்பிய பிறகு முணுமுணுத்தார்.

வியாபாரம் தெரியாத மனுஷர். கால்மிதி வரைக்கும் இறங்கி வந்து பேசுகிறவள் வீட்டை வாங்கத்தான் போகிறாள். திட்டிக்கொண்டே விலை கேட்கிறவள் கடைக்கு வந்த மகாலட்சுமி. புடவையைத் தொட்டுப் பார்த்து, "நல்லாயிருக்கு" என்று சிரித்துவிட்டுப் போகிறாளே, அவளைக் கண்டுதான் கடைக்காரன் பயப்பட வேண்டும்.

அபுதாபியில், வெளிநாட்டுக்காரர்களும் சொந்தமாக வாங்கலாம் என்று விட்டிருக்கிற பகுதியில், இருபது வருட உழைப்பைக் கொட்டி வாங்கிய வில்லா அது. ஆசைப்பட்டு விற்கவில்லை. அல் ஐன் ஆஸ்பத்திரியில் கட்டிலின் கால்மாட்டை உயர்த்தி வைத்து மூன்று வாரமாக மல்லாந்து கிடக்கிறாள் மகள் ரக்ஷிதா. இதற்கு முன்னால் மூன்று தடவை வயிற்றில் தங்காமல் போனது. இது நான்காவது. ஆறாம் மாதம். எந்த நாளும் வலி வரலாம், வந்தால் குழந்தை மாதக்கணக்கில் கண்ணாடிப் பெட்டியில்தான் இருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டாள். பெட்டிக்கு ஒரு நாள் வாடகை என்னவென்று கேட்ட மருமகன் விஷால், பதிலைக் கேட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். இன்சூரன்ஸ் எந்த அளவோடு நிற்கும் என்பதைச் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். ரவிசங்கருக்கோ போன வருஷமே வேலை போய்விட்டது. மிஞ்சியது வீடு.

ஆக, மாதம் முடிவதற்குள் வீடு கைமாற வேண்டும். கைமாற, இன்று செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு வருகிறவன் ஒரு காகிதம் தர வேண்டும். இந்த வீட்டில் கறையான் இல்லை என்ற காகிதம்.

அதை ஒப்பந்தத்தில் நுழைத்ததும் ஜன்னத்துல் ஃபிர்தௌஸ்தான். "கட்டாயம்னு யாரும் சொல்லலியே மேடம்" என்று ஏஜெண்ட் இழுத்தபோது, "எழுதிக் கையெழுத்துப் போட்டா கட்டாயம்தானே மவனே" என்றாள். ஒரு தடவை சரக்கு வைக்க ஒரு கிட்டங்கியை வாங்கி, மூன்றாம் மாதம் கதவு நிலையைக் கையால் தொட்டபோது நிலை கையோடு வந்துவிட்டதாம். சுட்டவள் பாலை ஊதித்தான் குடிப்பாள்.

ரவிசங்கர் அந்தப் பக்கத்தை இன்று காலையிலும் ஒரு முறை படித்தார். கட்டட வேலையில் அளவெடுத்தே தலை நரைத்தவர். காகிதத்தைப் படிக்காமல் அவருக்குக் காபி இறங்காது.

"ரெண்டே விஷயம் தாமரை. கறையான் இருந்து, நமக்குத் தெரியாம இருந்தா, மருந்துச் செலவு நம்மது. விலையில கொஞ்சம் குறையும். வியாபாரம் நிக்காது. தெரிஞ்சே மறைச்சிருந்தா, வாங்கறவங்க எழுந்து போயிடலாம். நாம ஒண்ணும் கேக்க முடியாது."

"ம்."

"நமக்கென்ன. ஊசி நுழைய இடமில்லாம கட்டின வீடு. அஸ்திவாரத்துலயே மருந்தடிச்சு, பத்து வருஷ கேரண்டி வேற குடுத்திருக்கான்."

தாமரை தோசையைத் திருப்பினாள். ஏற்கெனவே திருப்பிய தோசை.

"என்னங்க, இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை. இதை வியாழக்கிழமை வச்சுக்கலாமே?"

"பூச்சி பாக்கறதுக்கும் நாள் நட்சத்திரமா?" என்று அவர் சிரித்தார். மூன்று வாரத்தில் அவர் சிரித்தது அது முதல் தடவை. அதனாலேயே அவளால் மேற்கொண்டு எதுவும் பேச முடியவில்லை.

போன வாரம் அந்த உறுதிமொழிக் காகிதத்தில் அவளும்தான் கையெழுத்துப் போட்டாள். வீடு இருவர் பெயரிலும் இருக்கிறது. "வீட்டில் பூச்சி அரிப்பு இருப்பதாகத் தெரியுமா?" என்று ஒரு கேள்வி. "ஒண்ணுமில்லையே?" என்று ரவிசங்கர் பேனாவை நீட்டினார். "ஒண்ணுமில்ல" என்றாள்.

அவள் கணக்கில் அது பொய்யே இல்லை. கறையான் இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள். அம்மன் இருக்கிறாளா என்று யாரும் கேட்கவில்லையே.

*

வந்தவன் பெயர் பன்னீர்செல்வம். நாற்பது வயதிருக்கும். நீலநிற முழுச்சட்டை, கழுத்தில் லைசன்ஸ் அட்டை, இடுப்பில் டார்ச். வாசலிலேயே பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தான்.

"தமிழா?" என்றார் ரவிசங்கர், பாதி பாரம் இறங்கியவராக.

"அறந்தாங்கிப் பக்கம் சார்."

"பாத்து எழுதுங்க. நம்ம வீடு."

"பாத்துத்தான் சார் எழுதுவோம். போட்டோவுல தேதியும் மணியும் தானா விழுந்துடும். நம்ம இஷ்டம் மாஃபி, ஒண்ணும் கெடையாது."

ஸ்க்ரூ டிரைவரின் மரக்கைப்பிடியால் ஹால் கதவு நிலையைத் தட்டினான். டொக், டொக். சுகமான சத்தம். மாடி அலமாரியைத் தட்டினான். டொக். ரவிசங்கர் தாமரையைப் பார்த்து, சொன்னேனா என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

சமையலறையில் சிங்க்கை அடுத்த அலமாரியைத் தட்டியபோது சத்தம் மாறியது. பொரிப்பொட்டலத்தைத் தட்டியதுபோல இருந்தது. பன்னீர்செல்வம் ஒரு கணம் நின்று, இன்னும் இரண்டு இடத்தில் தட்டினான். சுவரில் ஒரு மீட்டரை வைத்தான். சிவப்பு விளக்கு எரிந்தது.

"இந்தச் சுவத்துக்கு அந்தாண்ட என்ன சார் ரூம்பு?"

"படிக்கட்டுக்குக் கீழ. ஸ்டோர் ரூம். சாமி ரூமாக்கி வச்சிருக்கா. ஏன்?"

"பைப்பு ஏதும் போகுதா?"

"ஒரு பைப்பும் கிடையாது."

"ஈரம் காட்டுதே சார். தெனம் தண்ணி ஊத்துற மாதிரி."

தண்ணீர் இல்லை. வெள்ளிக்கிழமை தோறும் பால். தாமரை சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டாள்.

ரவிசங்கர் முகத்திலிருந்து காலைச் சிரிப்பு இறங்கிவிட்டது. ஆனால் ஆள் கலங்கவில்லை. "கேரண்டி இருக்கே. அந்தக் காகிதம் காலனி ஆபீஸ் ஃபைல்ல இருக்கு. நான் போய் எடுத்துட்டு வந்துடறேன். கட்டினவன் வந்து சரி பண்ணித் தரட்டும், அவன் தலையெழுத்து" என்று கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

கார் திரும்பும் சத்தம் அடங்கியது.

"அந்த ரூம்பத் தெறக்கணும்மா" என்றான் பன்னீர்செல்வம்.

*

அலமாரிபோன்ற அறை. தேக்கு மண்டபம், இரண்டு குத்துவிளக்கு, படங்கள். பக்கச் சுவரில் ஒரு சிவப்புப் பட்டுத்துணி தொங்கியது. ரவிசங்கர் வருஷத்துக்கு ஒரு நாள், சரஸ்வதி பூஜைக்குக் கால்குலேட்டரை வைத்து எடுக்க வருவார். திரை எதற்கு என்று அவர் கேட்டதில்லை.

தாமரை துணியை விலக்கினாள்.

தரையிலிருந்து அவள் மார்பு உயரத்துக்கு, விரல் பருமனில் மண்கோடு ஒன்று ஏறிப் போயிருந்தது. பாதி வழியில் கிளைவிட்டு, கை கையாகப் பிரிந்திருந்தது. அடி முதல் நுனி வரை மஞ்சள் பூச்சு. இரண்டு விரற்கடைக்கு ஒரு குங்குமப் பொட்டு. கீழே ஒரு சின்னக் கிண்ணத்தில் பால் ஆடை கட்டிக் கிடந்தது.

பன்னீர்செல்வம் வாசற்படியில் வைக்கப்போன காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். அவனையறியாமல் கை கன்னத்துக்குப் போனது. பிறகு கையில் ஸ்க்ரூ டிரைவர் இருப்பது ஞாபகம் வந்து, இறக்கினான்.

"எத்தன நாளாம்மா?"

"பதினோரு மாசம்."

"சார்க்கு?"

"தெரியாது."

அவன் பெருமூச்சு விட்டான். "ஆடி வெள்ளியானா எம்பொஞ்சாதி ஊர்ல புத்துக்குப் பால் ஊத்துறா. நான் இங்க அதுக்கு மருந்து ஊத்துறேன். ரெண்டு பேரு கணக்கையும் ஆத்தா ஒண்ணா வச்சுப் பாத்துக்குவான்னு நெனச்சுக்கிட்டுத்தான் ஓட்டுறேன். ஆனா இது புத்து இல்லம்மா. புத்து வெட்டவெளியில இருக்கும். இது கறையான் போற பாதை. அடுப்படி அலமாரி முச்சூடும் தின்னுட்டு, இப்ப மேல ஏறுது."

"எம்பொண்ணுக்கு மூணு தடவை தங்கல தம்பி. மூணாவதும் போச்சே, அதே வாரம்தான் இந்தச் சுவத்துல இது மொளைச்சுது. கட்டை விரல் அளவு. அன்னைக்கு நான் இதே இடத்துல உக்காந்து, எனக்கு வழி காட்டுன்னு அழுதுட்டிருந்தேன். நிமிர்ந்து பாத்தேன், இருந்துச்சு. ஒரு சாண் வளந்தப்ப அவ போன் பண்றா, அம்மா, ரெண்டு கோடு விழுந்திருக்குன்னு. நான் என்னன்னு நினைப்பேன்?"

நாமாக இருந்தாலும் என்ன நினைத்திருப்போம்?

"இப்ப எங்க பொண்ணு?"

"அல் ஐன் ஆஸ்பத்திரியில. அதுக்குத்தான் வீட்டை விக்கறோம்."

பன்னீர்செல்வம் கையிலிருந்த போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். குரலை இறக்கினான்.

"மண்ணு இருந்தா மண்ணுன்னுதான் எழுதுவேன். அத மாத்துனா எங்கம்பேனி லைசன்ஸ் போகும், எம்பொழப்பும் போகும். கறையான் வந்தது உங்க தப்பு இல்ல, யாரு வீட்டுலயும் வரும். அதனால வியாபாரம் நிக்காது. ஆனா இந்த மஞ்சளும் குங்குமமும் போட்டோவுல விழுந்துச்சுன்னா, வீட்டுக்காரவுகளுக்குத் தெரிஞ்சிருக்குன்னு போட்டோவே சொல்லிப்புடும்."

தாமரைக்கு அப்போதுதான் உறைத்தது. காலையில் ரவிசங்கர் படித்துக் காட்டிய இரண்டாவது வரி. கறையான் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. மஞ்சள்தான் காட்டிக்கொடுத்தது.

"நான் மொட்டமாடி போறேன். தண்ணித் தொட்டி, ஏசி அடியெல்லாம் பாக்கணும். கால் மணி நேரம் ஆவும்" என்றான் அவன், சுவரைப் பார்க்காமல். "எறங்கி வந்து என்ன இருக்கோ அதத்தான் எடுப்பேன். நான் இன்னும் இந்த ரூம்புக்குள்ள வரல."

படியேறிப் போய்விட்டான்.

*

கால் மணி நேரம்.

வாளியில் தண்ணீர் பிடித்துவந்தாள். பழைய துண்டு ஒன்று. சுவர் முன்னால் உட்கார்ந்தாள். பதினோரு மாதம் பூசிய கை. துடைக்க எழவில்லை.

இதைத் துடைத்தால் அங்கே என்ன ஆகும்? துடைக்காவிட்டால் அங்கே என்ன ஆகும்? எந்தப் பக்கம் திரும்பினாலும் கட்டிலில் கால்மாட்டை உயர்த்திக்கொண்டு அவள் மகளே படுத்திருந்தாள்.

"தப்பா எடுத்துக்காதே தாயே" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, ஈரத்துணியை அடியில் வைத்தாள்.

குங்குமம் இழுத்துக்கொண்டு வந்தது. மஞ்சள் பரவியது. கொஞ்சம் அழுத்தினாள். மண் பொசுக்கென்று உள்ளே போயிற்று.

உள்ளே வெள்ளையாக ஊர்ந்தன. அரிசி நொய்யைப்போல, நூறா இருநூறா தெரியவில்லை. வெளிச்சம் பட்டதும் மூலைக்கொன்றாக ஓடின. சில அவள் விரலில் ஏறின. அவள் பால் வார்த்து வளர்த்த முகம் அதுதான். முகமே இல்லாத ஒன்று.

கையை உதறினாள். அழுகை வரவில்லை.

சமையலறையில் போன் அடித்தது. கை முழுக்க மண்ணும் மஞ்சளும். அடிக்கட்டும். நின்றது. மறுபடியும் மறுபடியும் அடித்தது. நின்றது.

மண்ணெல்லாம் வாளிக்குள் போய்விட்டது. மஞ்சள்தான் போகவில்லை. வெள்ளைச் சுவரில் பதினோரு மாத மஞ்சள் ஊறியிருந்தது. மேலே மாடியில் தொட்டி மூடியைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அவசரத்தில் துணி சோப்புக் கட்டியை எடுத்துவந்து, துண்டில் தேய்த்து, சுவரில் பரபரவென்று தேய்த்தாள்.

சுவர் சிவந்தது.

தேய்க்கத் தேய்க்கச் சிவந்தது. மஞ்சளில் சோப்புப் பட்டால் சிவக்கும் என்று தெரியாத தமிழ்ப் பெண் உண்டா? வேட்டியில் பட்ட மஞ்சளை எத்தனை தடவை துவைத்திருக்கிறாள். தெரிந்ததெல்லாம் அந்த நேரத்தில் எங்கேயோ போய்விட்டது. தரையிலிருந்து மார்பு உயரத்துக்கு, கிளை கிளையாக, ரத்தம் வழிந்து காய்ந்ததுபோல நின்றது சுவர்.

அந்த நிறத்தை அவள் மூன்று தடவை பார்த்திருக்கிறாள். மகளின் படுக்கை விரிப்பில்.

சோப்பு கையிலிருந்து நழுவியது.

*

"அய்யய்யோ. சோப்பா போட்டீங்க?" பன்னீர்செல்வம் வாசற்படியில் நின்றான்.

அதே நேரத்தில் வாசல் கதவு திறந்தது. ரவிசங்கர் கையில் காகிதத்தோடு வந்தார். அவருக்குப் பின்னால், பன்னிரண்டு மணிக்கு வருவதாகச் சொன்ன ஜன்னத்துல் ஃபிர்தௌஸ், ஒரு மணி நேரம் முன்னதாக. கையில் பேரீச்சம்பழ டப்பா. வியாபாரம் முடியும் நாளில் வெறுங்கையோடு வருகிற வழக்கம் அவளுக்கு இல்லை.

"கேரண்டி போன மார்ச்சோட முடிஞ்சிருச்சு" என்று பேசிக்கொண்டே வந்தார் ரவிசங்கர். "ரெண்டு மாசம் முன்னாடி தெரிஞ்சிருந்தா, ஒரு காசு இல்லாம அவனே மாத்திக் குடுத்திருப்பானாம். என்ன நேரமோ நமக்கு..." சுவரைப் பார்த்துவிட்டார். "என்னது இது?"



ஜன்னத்துல் ஃபிர்தௌஸ் சாமி அறை வாசலுக்கு வெளியிலேயே நின்றாள். ஒன்பது நாளில் இந்த வீட்டின் பரணைக்கூட ஏணி போட்டுப் பார்த்தவள். இந்த ஓர் அறைக்குள் மட்டும் எட்டிப் பார்த்ததில்லை. "அது உங்க சாமி இருக்கிற இடம். நான் எதுக்கு?" என்று மரியாதையாக ஒதுங்கிப் போனவள். இப்போதும் படியைத் தாண்டவில்லை. அங்கிருந்தே சுவரைப் பார்த்தாள். வாளியைப் பார்த்தாள். தாமரையின் கையைப் பார்த்தாள்.

"மஞ்சள்" என்றாள். "மஞ்சள்ல சோப்புப் பட்டிருக்கு. நாப்பது வருசமா மஞ்சள் விக்கிறேன், எனக்குத் தெரியாதா? நீங்க வாங்குற மஞ்சளே நம்ம கடைச் சரக்குதானே தங்கச்சி."

பிறகு பன்னீர்செல்வத்தின் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, நீங்க காலையில வந்து பாக்கையில இந்தச் செவரு எப்படி இருந்துச்சு?"

பன்னீர்செல்வம் கழுத்தில் தொங்கிய லைசன்ஸ் அட்டையை நெருடினான். ஒரு வார்த்தை. தெரியாது என்றோ, பார்க்கவில்லை என்றோ அவன் சொல்லிவிடலாம். சொல்லிவிட்டால் அந்தப் பொய் இந்த வீட்டுக் கறையானைப்போல அவன் லைசன்ஸுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். அறந்தாங்கிப் பக்கத்தில் ஒருத்தி, ஆடி வெள்ளிக்குப் பால் வாங்க இவன் அனுப்புகிற காசைப் பார்த்துக் காத்திருக்கிறாள்.

"அந்தத் தம்பியைக் கேக்காதீங்க லாத்தா" என்றாள் தாமரை. அக்காவை ஜன்னத்துல் ஃபிர்தௌஸின் கீழக்கரையில் அப்படித்தான் அழைப்பார்கள். ஒன்பது நாள் பேரத்தில் ஒட்டிக்கொண்ட சொல். "மண்ணு இருந்துச்சு. மஞ்சள் பூசி, பொட்டு வச்சு, பால் ஊத்தியிருந்துச்சு. நான்தான். பதினோரு மாசமா. இப்பத் துடைச்சதும் நான்தான். எம்பொண்ணுக்காகப் பண்ணேன். அவருக்குத் தெரியாது."

ரவிசங்கரின் கையிலிருந்த காகிதம் மடங்கியது. "பதினோரு மாசமா?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அளவு தப்பிப் போனவர் மறுபடி அளப்பதுபோலக் கேட்டார். "போன வாரம் கேட்டேனே தாமரை. பேனாவைக் கையில வச்சுக்கிட்டுக் கேட்டேனே."



அவர் சட்டென்று திரும்பினார். "மேடம், பத்து பர்சென்ட் குறைச்சுக்கறேன். மருந்துச் செலவு என்னுது. கிச்சன் முழுசா புதுசு போட்டுத் தரேன்."

ஜன்னத்துல் ஃபிர்தௌஸ் டப்பாவை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

"பதினஞ்சு."

அவள் பேரீச்சம்பழ டப்பாவை ஹால் மேஜையில் மெதுவாக வைத்தாள்.

"இருபது, மேடம். நீங்களே ஒரு விலை சொல்லுங்க. சொல்லுங்க, பேசிக்கலாம்."

சொல்லவில்லை. கால்மிதிக்கு அரை மணி நேரம் மல்லுக்கட்டியவள், இருபது பர்சென்ட்டைக் காதில் வாங்கிக்கொண்டு சும்மா நின்றாள். அப்போதுதான் ரவிசங்கருக்கும் வியாபாரம் புரிந்தது. புரியக் கூடாத நேரத்தில்.

"ஏன் தங்கச்சி" என்றாள் ஜன்னத்துல் ஃபிர்தௌஸ். குரலில் கடுமை இல்லை. இருந்திருந்தால் தேவலை. "முத நாளே, லாத்தா, இப்படிக் கறையான் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா? நான் கத்தியிருப்பேன். விலையைப் பாதியாக் கேட்டிருப்பேன். நீங்க அழுதிருப்பீங்க. ரெண்டு நாள் சண்டை போட்டுட்டு வாங்கியிருப்பேன். பூச்சிக்கு மருந்து இருக்கு. அந்த ஒரு ரூமை மட்டும் உங்க சாமிக்கு மரியாதைன்னு பாக்காம விட்டேனே. அதுக்குள்ளயா?"

"லாத்தா..."

"பிள்ளைக்கு துஆ செய்றேன். ஒரு குறையும் இல்லாமப் பெத்துப் பொழைக்கட்டும். அது வேற. ஏஜெண்ட்கிட்ட இருக்கிற செக்கை நான் திருப்பி வாங்கிக்கிறேன். இது வேற." வாசலுக்குப் போனாள். செருப்பை மாட்டும்போது கீழே பார்த்தாள். கால்மிதியை மிதிக்காமல் ஓரமாகத் தாண்டி இறங்கினாள்.

பன்னீர்செல்வம் உள்ளே வந்து, சுவரைப் போட்டோ எடுத்தான். ஒன்று. இரண்டு. சமையலறை அலமாரியில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தேதியும் மணியும் விழுந்தன. போகும்போது தாமரையின் பக்கம் கையெடுத்துக் கும்பிட்டான். அவளைக் கும்பிட்டானா, அவளுக்குப் பின்னால் இருந்த மண்டபத்தையா, தெரியவில்லை. ரிப்போர்ட் மத்தியானத்துக்குள் வரும் என்றான். அது இனி யாருக்கு?

வீட்டில் இரண்டு பேர் மிஞ்சினார்கள்.

ரவிசங்கர் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனார். டம்ளர் சத்தம் கேட்கவில்லை. தாமரையின் போனோடு திரும்பி வந்தார்.

"விஷால். ஆறு மிஸ்டு கால்."

இந்த நேரத்தில் விஷால் டூட்டியில் இருப்பான். டூட்டியிலிருந்து அவன் கூப்பிட்டதே இல்லை.

"எம்போன் கார்லயே கிடக்கு" என்று அவள் மடியில் இந்தப் போனைப் போட்டுவிட்டு, வெறுங்காலோடு வெளியே ஓடினார். கால்மிதி சறுக்கிச் சுவரோரமாகப் போய் ஒட்டியது.

தாமரை கட்டைவிரலைப் போன் மேல் வைத்தாள். திறக்கவில்லை. சேலையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். ரேகையெல்லாம் மஞ்சளும் மண்ணும். அது யார் விரல் என்று போனுக்குத் தெரியவில்லை. ரகசிய எண் ஒன்று உண்டு. ரக்ஷிதா போட்டுக் கொடுத்தது. கட்டைவிரல் இருக்க எண் எதற்கு என்று அவள் அன்றே மறந்துபோனாள்.

இன்னொரு தடவை வைத்தாள். இன்னொரு தடவை.

முப்பது விநாடி பொறுத்து முயலச் சொன்னது போன்.

சிவந்த சுவருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, தாமரை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினாள்.